தேத்தண்ணீர் குடிக்காத தம்பிகள்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

நான் கோயம்புத்தூர்க்காரன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியனாக மலேசியாவில் இரண்டாண்டு இருந்தவன். வெளியார் எங்களை மார்மன் என்பார்கள். எங்கள் ஊழியத்தில் யாரும் ஓர் ஊரில் வேர்விட முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வரும். அதில் பெயர் இருந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 2024 அக்டோபர் பட்டியலில் என் பெயர் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து பேரா மாநிலத்தின் தோட்டப்புற ஊரான சுங்கை சிப்புட்டுக்கு மாற்றல். அங்கே எழுதிய நோட்டு மழையில் ஊறி உப்பியிருக்கிறது. படிக்க முடிந்தவரை செப்பனிட்டு நாள்வாரியாக இடுகிறேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

செம்மோரைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் கூரையில் ஓர் ஒழுகல், சரியாக என் மடிக்கு மேலே. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகள் இருந்திருக்க வேண்டும். வெள்ளையாக நீர்த்திரை மட்டும் தெரிந்தது.

என் புதிய ஊழியத் துணைவன் போர்னியோத் தீவின் சரவாக் மாநிலத்தைச் சேர்ந்த இபான் பழங்குடி இளைஞன், பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீள்வீட்டில் பிறந்து வளர்ந்தவன். தமிழில் அவனுக்குத் தெரிந்தவை இரண்டு சொற்கள்: சாம்பார், போதும். இருவருக்குமே ஊர் புதிது. எங்களுக்காகப் பேசி வைத்திருந்த வீட்டின் வாசலில் போய் நின்றால் உள்ளே வேறொரு குடும்பம் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரருக்கு அறுபது வெள்ளி, அதாவது ரிங்கிட், கூடுதலாகத் தரும் ஆள் கிடைத்துவிட்டாராம். தொலைபேசியில் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் ஒதுங்கினோம். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை, காலடியில் நீர்க்குட்டை. கடை அண்ணன் மேலும் கீழும் பார்த்தார். தேத்தண்ணீரா, கோப்பியா என்றார். இரண்டும் குடிக்க மாட்டோம் என்றதும் மறுபடி மேலும் கீழும் பார்த்தார். மைலோ என்ற சாக்லேட் பானம் கொண்டு வந்தார், இரண்டரை வெள்ளி. ரொட்டி சானாய் ஒன்றரை வெள்ளி. வெளிப்புறம் மொறுமொறுவென்று, உள்ளே ஏடு ஏடாக, பருப்புக் குழம்பில் ஒரு துண்டு முருங்கைக்காய்கூடக் கிடந்தது.

கதையைக் கேட்டுவிட்டு, "முன்பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்காமல் யாராவது பெட்டியோடு வருவார்களா?" என்று எங்களைத்தான் கடிந்துகொண்டார். பிறகு ஒரு கையால் ரொட்டி வீசியபடியே மறு தோளில் கைபேசியை இடுக்கிக்கொண்டு யார் யாரையோ அழைத்தார். ஒரு மணி நேரத்தில் வீடு கிடைத்தது. தாமான் என்ற குடியிருப்புப் பகுதியின் கடைசி வரிசையில் கடைசி வீடு, அதற்கப்பால் செம்பனை என்ற எண்ணெய்ப்பனைக் காடு. வாடகை நானூற்றைம்பது வெள்ளி. கையைப் பிடித்து நன்றி சொல்லப் போனேன். "அதெல்லாம் இருக்கட்டும், ரொட்டி ஆறுகிறது பாருங்கள்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மெத்தை இல்லை. படுக்குமுன் அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டியவற்றை எழுதி வைக்க வேண்டும் என்பது என் முதல் துணைவன் பழக்கிவிட்ட வழக்கம். இன்று தேதியை எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டேன். கோலாலம்பூரில் நான் பல வாரங்கள் பாடம் நடத்திய குடும்பத்துக்கு வரும் சனிக்கிழமை ஞானஸ்நானம். நான் இங்கே சிமெண்டுத் தரையில்.

அக்டோபர் 23, புதன்

இரவெல்லாம் வானம் பிளந்து கொட்டியது. காலையில் குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் சொட்டி அதுவும் நின்றது. மழை அதிகமானால் இங்கே இப்படித்தானாம்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "வாளி இருக்கிறதா?" என்றார். இல்லை. அவரே இரண்டு வாளி நிரப்பித் தூக்கி வந்தார். எண்பதைத் தாண்டியவர். நாங்கள் ஓடிப்போய் வாங்குவதற்குள் பாதித் தூரம் வந்துவிட்டார். நாற்பது வருடம் காவடி போன்ற காண்டாக் கட்டையில் ரப்பர்ப் பால் வாளி சுமந்த தோளாம்.

குளித்ததும் பசியாற வரச் சொன்னார். போனோம். பழைய கண்ணாடிக் குவளைகளில் கெட்டிப்பால் கலந்த தேத்தண்ணீர், மேலே இரண்டு விரல் நுரை. எங்கள் ஊழியத்தில் நான் அஞ்சும் நேரம் இதுதான். கதவைச் சாத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், உபசரிக்கிறவர்களைச் சமாளிக்க முடியாது. ஞான வார்த்தை என்று ஒரு கட்டளை, 1833-ல் எங்கள் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்துக்கு வெளிப்படுத்தப்பட்டது, மது, புகையிலை, கோப்பி, தேயிலை ஆகாது என்று விளக்கினேன்.

பாட்டி குவளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகம் சுருங்கியது. "விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, இருட்டில் அட்டை கடிக்க, தேத்தண்ணீர் இல்லாமல் பால் வெட்டச் சொல்லியிருந்தால் உங்கள் சாமிக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

துணைவன் என்னவென்று கேட்டான். மலாயில் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் பாட்டியும் சிரித்துவிட்டார். அப்புறம் அவர்கள் இருவரும் மலாயில் பேசத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த நான் இடியப்பத்தைத் தின்றபடி வேடிக்கை பார்த்தேன். தேங்காய்ப்பூ, நாட்டுச் சர்க்கரை. ஐந்தாறு தின்றிருப்பேன்.

அக்டோபர் 25, வெள்ளி

இரண்டு நாளாக நடக்கிறோம். காலையில் வெயில் தோலை உரிக்கிறது, மூன்று மணிக்கெல்லாம் இடி. சுற்றிலும் ஒருகாலத்தில் பால்மரமாக, அதாவது ரப்பராக, இருந்த தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டன. லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் சில காலியாகக் கிடக்கின்றன. அறுவடை வேலையில் பெரும்பாலும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள். தமிழர்கள் தாமான்களுக்கும் தொழிற்சாலைப் பஸ்களுக்கும் நகர்ந்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நகரவில்லை. ஆளில்லாத லயத்துக்கு எதிரிலும் விளக்கு எரிகிறது. யார் வந்து ஏற்றுகிறார்கள் என்று கேட்டால், "முறை வைத்திருக்கிறோம்" என்றார் ஒருவர், இதையெல்லாம் கேட்பார்களா என்பதுபோல.

எங்கள் செய்தியைக் கேட்க யாரும் ஒப்பவில்லை. ஆனால் இந்த ஊர் மறுக்கும் விதமே தனி. "வேண்டாம் தம்பி, எங்களுக்குச் சாமி இருக்கிறது. வெயிலில் நிற்காதீர்கள், உள்ளே வந்து உட்காருங்கள்." உட்கார்ந்தால் நாற்காலியைத் துடைத்து, மின்விசிறியை நம் பக்கம் திருப்பி, எந்த ஊர், அம்மா அப்பா என்ன செய்கிறார்கள், வீட்டை விட்டு எதற்கு இப்படி அலைகிறாய் என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒரு வீட்டில் ரோஜா சிராப் கலந்த பால் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் நாய் என் காற்சட்டையைக் கிழித்தது. வீட்டம்மா நாயைத் திட்டிவிட்டு, அங்கேயே உட்கார வைத்துத் தைத்தும் கொடுத்தார்.

மலாய்க்காரர் வீடுகளுக்கு நாங்கள் போவதில்லை. முஸ்லிம்களிடையே பிற மதத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4) விதி இடம் தருகிறது. சட்டத்தை மதிப்பது எங்கள் சபையின் விதி. அதனால் நாசி லெமாக் விற்கும் மலாய் அக்காவிடம் எங்களுக்குச் சோறும் சம்பலும் தவிர வேறு பேச்சில்லை. பொட்டலம் இரண்டு வெள்ளி. பெயர்ப் பட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, நெத்திலியைக் கொஞ்சம் கூடவே வைக்கிறார்.

அக்டோபர் 26, சனி

ஞானஸ்நானம் நடந்தது. படம் வந்தது. எல்லாரும் வெள்ளை உடையில். நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வேறொருவர். அந்த வீட்டுச் சின்னப் பையன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருக்கிறான்.

இன்று முழுக்க மழை. எழுத வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

ஆராதனைக்குப் பேராவின் தலைநகரான ஈப்போவுக்குப் போய்வந்தோம். திரும்பும் பஸ்ஸில் எங்கள் வேதநூல்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' புத்தகத்தின் 59-ஆம் பாகத்தைப் படித்தேன். எல்லாவற்றிலும் தேவனுக்கு நன்றி செலுத்து என்ற கட்டளை வரும் பாகம். எனக்கு அது என்றுமே பிடித்ததில்லை. நன்றியைப் போய்க் கட்டளையிட்டு வாங்கலாமா? வீடு இருப்பவர், வயிறு நிறைந்தவர், மெத்தையில் படுத்துக்கொண்டு சொல்வது என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பாகத்தின் பின்னணி வேறு கதை சொல்கிறது. 1831 ஆகஸ்ட் 7, மிசௌரி. அன்று பாலி நைட் என்ற பெண்மணியின் அடக்கம் நடந்தது. நியூயார்க் மாநிலத்துக் கோல்ஸ்வில்லை விட்டு ஒஹாயோவுக்கு வந்தவர்கள் அவரும் அவர் குடும்பத்தாரும். அங்கே நிலம் தருவதாகச் சொன்னவர் வாக்கு மாறியதால் மறுபடி மூட்டை கட்டி மிசௌரிக்குப் பயணப்பட்டார்கள். பாலி வழியிலேயே நோயில் விழுந்தார். பிழைக்க மாட்டார் என்று எண்ணி அவர் மகன் படகிலிருந்து இறங்கிச் சவப்பெட்டிக்குப் பலகை வாங்கி வந்தார். அந்தப் பலகையோடே பயணம் தொடர்ந்தது. பாலி மிசௌரி மண்ணை மிதித்தார், சில நாளில் இறந்தார்.

ஆக, வாக்கு மாறிய வீட்டுக்காரர் எங்கள் சபைக்குப் புதிதல்ல. அந்தக் கட்டளை தரப்பட்டபோது அதைக் கேட்டவர்களில் மெத்தையில் படுத்திருந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இதனால் கட்டளை எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லவில்லை. அதை இடுவதற்கு வேறொரு நாளைத் தேர்ந்தெடுத்திருக்கலாமே என்று இன்னும் தோன்றுகிறது. ஆனால் நோட்டில் இன்று எழுதினேன்: இரண்டு வாளி தண்ணீர். கிழிந்த காற்சட்டை, தைத்தது.

அக்டோபர் 28, திங்கள்: கோலகங்சார்

திங்கட்கிழமை எங்களுக்கு ஆயத்த நாள். துணி துவைக்கலாம், ஊர் பார்க்கலாம். தண்ணீர் இல்லாததால் ஊர் பார்த்தோம்.

கோலகங்சாரில் அரசாங்க அலுவலகம் ஒன்றின் ஓரமாக, வேலி போட்டு, ஒரு பால்மரம் நிற்கிறது. பிரேசிலிலிருந்து எடுத்த விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சிங்கப்பூருக்குக் கப்பலேறி, 1877-ல் இங்கே வந்து சேர்ந்தது. ஹியூ லோ என்ற ஆங்கில அதிகாரி நட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியது இது ஒன்று. அடிமரம் முண்டும் முடிச்சுமாகப் பருத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களை இந்தக் கரைக்கு இழுத்துவந்த மரத்தின் மூதாதை. எதிரே நின்று படம் பிடித்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று எனக்குக் குழப்பம். துணைவனுக்குக் குழப்பமில்லை, வேலியில் சாய்ந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

ஆற்றங்கரையில் லக்சா தின்றோம், ஆறு வெள்ளி. பினாங்கு லக்சாவைவிட இதில் புளிப்புக் குறைவு, நூடுல்ஸ் தடிமன். மீன் குழம்பு சுடச்சுட இருந்தது. அதற்குப் பிறகு செண்டோல். திரும்பும்போது பஸ் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்ததில் குளிர்சாதனம் மட்டும் உயிரோடு இருந்தது, நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டே வந்தோம்.

அக்டோபர் 30, புதன்

மாலை பாட்டி கூப்பிட்டார். முறுக்கு பிழிய ஆள் வேண்டுமாம். மேசையில் மூன்று குவளை. ஒன்றில் தேத்தண்ணீர், இரண்டில் மைலோ. ஒன்றும் சொல்லாமல் எங்கள் பக்கம் தள்ளினார். அடுக்களைச் சுவரில் ஆணியடித்து மைலோப் பொட்டலச் சரம் ஒன்று தொங்கியது. இதே சரம் மளிகைக் கடை வாசலிலும் தொங்குகிறது. பொட்டலம் ஒரு வெள்ளி. அவர் தேயிலைத்தூள் வாங்கும் காசுக்கு எங்களுக்கு நாலைந்து தடவைகூட வராது. வேண்டாம் பாட்டி, வெந்நீர் போதும் என்றேன். "வெந்நீர் கொடுத்து அனுப்புவதற்கு இது ஆஸ்பத்திரியா?" என்றார்.

முறுக்கு பிழிந்தபடி, பழைய பால் வெட்டும் உளியைக் கூரைச் சந்திலிருந்து எடுக்கச் சொன்னார். துருப்பிடித்த, முனை மடிந்த சின்ன இரும்பு. வாழைத் தண்டைத் தூணில் சாய்த்து வைத்து வெட்டிக் காட்டினார். இடதுமேலிருந்து வலதுகீழாகச் சாய்ந்து இறங்கும் கோடு. பட்டையை நூலளவு சீவி எடுத்தால் போதும்; கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேற்பார்வையாளரான தண்டலிடம் ஏச்சு. வாழைத் தண்டிலிருந்து சுருண்டு விழுந்த சீவலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் தடிமன்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

துணைவன் இபான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. கொஞ்ச நேரம் அவன் கழுத்தைப் பார்த்தார். "பச்சை இல்லையே?"

1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த ஊரையொட்டிய தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மலாயா அவசரகாலம் அதிலிருந்துதான் தொடங்கியது. 1960 வரை நீடித்தது. காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் தடம் பார்க்கச் சரவாக்கிலிருந்து இபான்களைக் கொண்டுவந்தது பிரிட்டிஷ் அரசு. பாட்டி அப்போது சிறுமி. கழுத்தில் பச்சை குத்திய ஆட்களைக் கண்டு தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குள் ஒளிந்ததும், அவர்களில் ஒருவர் பிஸ்கட்டைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றதும் நினைவிருக்கிறதாம். பிறகு லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாட்டுத் தூக்கை வாசலிலேயே பறித்தார்கள். "அம்மா பசியோடு வெட்டுவார். திரும்பி வந்துதான் சோறு. அதனால்தான் இந்த வீட்டில் யாரும் வெறும் வயிற்றோடு போகக்கூடாது" என்றார், எண்ணெயிலிருந்து முறுக்கை எடுத்துக்கொண்டே.

துணைவன் இதை முழுக்கக் கேட்டுவிட்டு, தன் தாத்தாவின் அண்ணன் ஒருவர் அப்படி வந்தவர்தான் என்றான். பாட்டி அவன் தட்டில் இன்னும் இரண்டு முறுக்கு வைத்தார்.

அக்டோபர் 31, வியாழன்: தீபாவளி

விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம். நாங்கள் கிறிஸ்தவர்கள் பாட்டி என்றேன். "கிறிஸ்தவனுக்குத் தலை சூடாகாதா?" உச்சியில் வைத்து அரக்கிவிட்டார். துணைவன் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நின்றான்.

வீடு நிறைய ஆட்கள். கோழிக் குழம்பு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், தோசை. சீனக் குடும்பம் ஒன்று பெட்டி நிறையக் குளிர்பானத்தோடு வந்தது. நாசி லெமாக் அக்கா பிள்ளைகளோடு வந்தார், நான் அவருக்கு முறுக்குத் தட்டை நீட்டினேன். பாட்டியின் மகன் லோரி ஓட்டுநர், ஆட்டிறைச்சி கிலோ நாற்பது வெள்ளிக்கு மேல் போய்விட்டதைப் பற்றி வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகாதவர்களுக்கெல்லாம் பாட்டி ஊதா நிற உறையில் காசு வைத்துக் கொடுத்தார். எங்கள் உறைகளில் ஐந்தைந்து வெள்ளி.

மாலை அம்மாவிடம் பேசினேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். அன்றைக்கு அதைக் கேட்ட நாலாவது ஆள் அவர்.

நவம்பர் 3, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளை சாப்பிடாமல், அந்தச் சாப்பாட்டின் விலையை ஏழைகளுக்கான காணிக்கையாகக் கொடுக்க வேண்டும். ஈப்போ போகும் பஸ்ஸில் துணைவன் கணக்குப் போட்டான். ரொட்டி இவ்வளவு, சோறு இவ்வளவு, ஆளுக்குப் பதினைந்து வெள்ளி.

"இந்த வாரம் நாம் காசு கொடுத்துச் சாப்பிட்டது எத்தனை வேளை?" என்றேன். யோசித்தான். ரொட்டிக் கடை அண்ணன்கூடத் தீபாவளிக்கு மறுநாள் காசு வாங்கவில்லை. அப்படியானால் நாம் விட்ட சாப்பாட்டின் விலை பூஜ்யமா, அல்லது பாட்டியின் ஆட்டிறைச்சி விலையா? ஆட்டிறைச்சி என்றான் அவன். அதற்கு எங்கள் பையில் காசு போதாது. ஆளுக்கு இருபது வைத்தோம்.

நவம்பர் 4, திங்கள்

சனிக்கிழமையே ஊதா உறைப் பணத்தில் நாலு வெள்ளி சேர்த்து மைலோ டின் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். இன்று பாட்டியிடம் கொடுத்தோம். எங்களுக்காகப் பொட்டலம் வாங்கிச் செலவழிக்கிறாரே என்ற எண்ணத்தில்.

டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினாலு வெள்ளியா? நான் தேத்தண்ணீர் குடிக்கிறவள், எனக்கு எதற்கு இது? வாங்குவதற்கு முன் கேட்க மாட்டீர்களா? ரசீது எங்கே?"

ரசீது இருந்தது. நாங்கள் இருவரும் பெயர்ப் பட்டையோடு கடைக்குப் போய், டின்னைக் கொடுத்துவிட்டு, பாட்டி சொல்லியனுப்பிய முத்திரையில் தேயிலைத்தூள் இரண்டு பாக்கெட்டும் ஒரு டின் கெட்டிப்பாலும் வாங்கினோம். கடைக்காரர் எங்களையும் தேயிலையையும் மாறி மாறிப் பார்த்தார். மீதியைப் பாட்டி எண்ணி வாங்கிக்கொண்டு, முப்பது காசு குறைகிறது, போய்க் கேளுங்கள் என்றார்.